பட்டம் பெற்ற பின்னும் படிப்பு

பட்டச் சான்றிதழ் கைக்கு வந்ததும் படிப்பு முடிந்தது என்று எண்ணுவது நம் நாட்டில் நெடுங்கால வழக்கம். அரசு வேலை ஒன்றே எல்லோருடைய குறிக்கோளாகவும் இருந்த காலத்தில் அந்த எண்ணத்தால் பெரிய கேடு ஏதும் விளையவில்லை. இருபத்திரண்டு வயதில் எழுத்தராகச் சேர்ந்தவர், அன்று கற்ற கோப்பு முறையைக் கொண்டே ஐம்பத்தெட்டு வயது வரை காலத்தை ஓட்டிவிட முடிந்தது. ஆனால் இன்று நம் கல்லூரியில் கணிப்பொறி அறிவியல் பயிலும் மாணவ மாணவியர் நாடிச் செல்லும் தொழில் அத்தகையதன்று. அங்கே முதல் ஆண்டில் கற்ற கருவி ஏழாம் ஆண்டில் பழையதாகிறது; பதினைந்தாம் ஆண்டில் கேட்பாரற்றுப் போகிறது. முப்பத்தைந்து ஆண்டுகள் நீளும் ஒரு தொழில் வாழ்வில் தன் திறமையை மங்கவிடாமல் காப்பது எப்படி? அந்தப் பொறுப்பு யாருடையது? இவ்விரு வினாக்களையும் நம் கல்லூரி மலர் வாயிலாகப் பேராசிரியர்கள் முன்னும் நண்பர்கள் முன்னும் வைக்க விழைகிறேன்.

நமக்கு ஏன் இந்தக் கவலை?

தோவாளை வட்டாரத்திலிருந்து நம் கல்லூரிக்கு வரும் மாணவர்களின் இல்லங்களை எண்ணிப் பாருங்கள். நெல்லும் வாழையும் விளைவிப்போர், விடியுமுன்னே பூச்சந்தைக்குச் செல்வோர், இரவெல்லாம் மாலை கட்டுவோர், ஆரல்வாய்மொழியில் காற்றாலை வேலைக்குப் போவோர் எனப் பலதரப்பட்டோர் தம் மக்களைக் கடன்பட்டுப் படிக்க வைக்கின்றனர். படித்த பிள்ளைகள் 1990இல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கோ, சென்னைக்கோ, பெங்களூருக்கோ செல்கின்றனர். மாதச் சம்பளம் வருகிறது. வீட்டுக்கடன், தங்கையின் திருமணம், தந்தையின் மருத்துவச் செலவு எல்லாம் அந்த ஒரு சம்பளத்தின் மேல் ஏறி உட்காருகின்றன. அவருக்கு நாற்பத்தைந்து வயதாகும்போது, "உங்கள் திறமை இப்போது எங்களுக்குத் தேவைப்படவில்லை" என்று நிறுவனம் சொன்னால் அந்தக் குடும்பம் என்ன ஆகும்?

இது வெறும் அச்சமன்று. 2025 ஜூலையில் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம் தன் பணியாளர்களில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000 பேருக்கு மேற்பட்டோரை, விடுவிக்கப் போவதாக அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் நடுத்தர நிலையிலும் உயர்நிலையிலும் இருப்போர் என்றும் அந்த அறிவிப்பே கூறியது. புதிதாகச் சேர்ந்த இளைஞர்களைவிடப் பல்லாண்டு உழைத்தவர்கள்மேல்தான் இடி விழுந்தது என்பதை நாம் கருத்தில் கொள்ளவேண்டும். அனுபவம் என்பது தானாகவே காப்பாக அமையும் என்ற நம்பிக்கை இத்தொழிலில் செல்லாது.

ஒரு பணிக்காலத்தில் எத்தனை மாற்றங்கள்!

1984இல் இருபத்திரண்டு வயதில் நிரல் எழுதும் வேலைக்குச் சேர்ந்து, 2020இல் ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெறும் ஒருவரைக் கற்பனை செய்து பார்ப்போம். அவர் சேரும்போது பெரும்பாலான அலுவலகக் கணக்குகள் 1959இல் உருவான கோபால் மொழியில் எழுதப்பட்டன. அதே 1984இல் பொருளாதார அறிஞர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு வங்கிகளைக் கணிப்பொறி மயமாக்கப் பரிந்துரை அளித்தது. வங்கிப் பணியோடு யூனிக்ஸ் இயக்க முறைமையும் சி மொழியும் நம் நாட்டில் பரவின. அடுத்த பத்தாண்டில் விண்டோஸ் வந்தது. தமிழ்நாட்டின் சிறு நகரக் கணினி மையங்களில்கூட ஃபாக்ஸ்புரோவும் விசுவல் பேசிக்கும் கற்றுத்தரப்பட்டன. 1995இல் ஜாவா வெளிவந்தது. பின்னர் இணையம், 2007இல் ஐபோன், 2008இல் ஆண்ட்ராய்டு, அவற்றின் பின்னே மேகக் கணிமை என ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஆக, நம் கற்பனை மனிதர் ஒரே நாற்காலியில் அமர்ந்தபடி ஐந்து முறையேனும் புதிதாகத் தொழில் கற்றிருக்க வேண்டும். அவர் ஓய்வு பெற்ற இரண்டே ஆண்டில், 2022 நவம்பரில், சாட்ஜிபிடி வெளியாகி மற்றொரு மாற்றத்தைத் தொடங்கிவைத்தது.

இடையில் நின்றுபோனவை எத்தனை! ஃபாக்ஸ்புரோவின் கடைசிப் பதிப்பு 2004இல் வெளிவந்தது. 2015இல் அதற்கான ஆதரவும் முடிந்தது. இணையத்தில் அசையும் படங்களுக்கெல்லாம் அடிப்படையாக இருந்த ஃபிளாஷ், 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு கைவிடப்பட்டது. ஆண்டை இரண்டே இலக்கங்களில் எழுதிவைத்ததால் 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது கணக்குகள் குழம்பும் என்ற நிலை வந்தபோது, பழைய கோபால் நிரல்களைத் திருத்த உலகமே இந்திய நிரலாளர்களைத் தேடியது. 2000 ஜனவரி முதல் நாள் கடந்ததும் அந்த வேலையும் கரைந்தது. அதை மட்டுமே அறிந்திருந்தோர் தவித்தனர். அதற்குள் வேறொன்றையும் கற்றுவைத்திருந்தோர் அடுத்த பணிக்கு நகர்ந்தனர்.

மாறாதவை எவை?

இவற்றைக் கேட்டதும், "இப்படி ஓடிக்கொண்டே இருப்பதா வாழ்க்கை?" என்று சோர்வு தோன்றுவது இயல்பு. ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். எட்கர் காட் என்ற அறிஞர் 1970இல் வகுத்த உறவுமுறைத் தரவுத்தளக் கோட்பாட்டைத்தான் இன்றும் நாம் பாடமாகப் படிக்கிறோம். வங்கிகளும் இரயில்வேயும் இன்றும் அதன்மேல்தான் நிற்கின்றன. 1969இல் பிறந்த யூனிக்ஸின் கருத்துகள் நம் கைப்பேசிக்குள்ளேயே இயங்குகின்றன. வரிசைப்படுத்துவதும் தேடுவதும் எல்லா மொழிகளிலும் ஒன்றே. அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் நூத் தம் புகழ்பெற்ற நூல்வரிசையின் முதல் தொகுதியை 1968இல் வெளியிட்டார். எடுத்துக்காட்டுகளுக்காக அவர் கற்பனையாக அமைத்த எந்திரம் காலத்தால் பழமையடைந்தது. 1999இல் அதற்குப் பதில் புதியதோர் எந்திரத்தை அவர் வடிவமைத்து அளித்தார். அந்நூல் விளக்கும் வழிமுறைகளை அதற்காகத் தூக்கி எறியவேண்டிய தேவை எழவில்லை.

எனவே நம் அறிவை இரு கூறாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. கருவி பற்றிய அறிவு ஒன்று. அடிப்படை பற்றிய அறிவு மற்றொன்று. தோவாளைச் சந்தையில் இந்த வேறுபாட்டை எவரும் கண்ணால் காணலாம். பிச்சியும் மல்லிகையும் அரளியும் அன்றன்றைக்கு வந்து அன்றன்றைக்கே விற்றாக வேண்டிய சரக்கு. ஓணம் நெருங்கினால் ஒரு விலை, கழிந்தால் வேறு விலை. ஆனால் கட்டுகிறவரின் கைத்திறன் ஒரு நாளில் வாடும் சரக்கன்று. அரளிப்பூவையும் நொச்சி இலையையும் மடித்து, மாணிக்கக் கற்களைப் பதித்தாற்போலக் கட்டும் தோவாளை மாணிக்க மாலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீடு பல தலைமுறைகளாகப் பழகிவந்த கைத்திறனுக்குக் கிடைத்த மதிப்பு. அந்தத் திறன் கைமாறும் விதமும் கவனிக்கத்தக்கது. அறிந்தவர் அருகில் அமர்ந்து, பார்த்து, கட்டிப் பிரித்து, மீண்டும் கட்டித்தான் அதைக் கற்கிறார்கள். நிரல் எழுதும் தொழிலும் இதே வழியில்தான் ஆழப்படுகிறது.

இரு முன்னோடிகள்

இதற்கு நம்மவரிடையே சான்று உண்டா என்று கேட்கலாம். இருவரைக் கூறுவேன்.

முதலாமவர் பேராசிரியர் வி. இராஜாராமன். 1933இல் ஈரோட்டில் பிறந்தவர். 1963இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 1620 கணிப்பொறி நிறுவப்பட்ட காலத்தில் அங்கே ஆசிரியராகச் சேர்ந்தார். அட்டையில் துளையிட்டு நிரலை எந்திரத்திற்கு ஊட்டிய காலம் அது. 1965இல் அங்கே கணிப்பொறி அறிவியலில் முதுநிலைப் படிப்பு தொடங்கக் காரணமாக இருந்தவர்களுள் அவர் முக்கியமானவர். 1969இல் அவருடைய முதல் நிரலாக்க நூல் வெளிவந்தது. அதன்பின் ஃபோர்ட்ரான், கோபால், பாஸ்கல், சி என மொழிகள் வர வர அவருடைய நூல்களும் வந்தன. ஃபோர்ட்ரான் 77 புழக்கத்துக்கு வந்ததும் அதற்கொரு நூல். ஃபோர்ட்ரான் 90, 95 வந்ததும் அவற்றுக்கொரு நூல். பின்னர் இணைச்செயல் கணிப்பொறிகளைப் பற்றியும் மின்வணிகத்தைப் பற்றியும் எழுதினார். 2025 நவம்பரில் தம் 92ஆம் வயதில் அவர் மறைந்தார். அவருடைய நூல்களின் பெயர்களை வரிசையாக அடுக்கினாலே இத்தொழிலின் வரலாறு கிடைத்துவிடும். மொழி மாறியபோதெல்லாம் அவர் தாமே முதலில் மாணவரானார். பின்னர் பிறருக்கு ஆசிரியரானார். பிறருக்குச் சொல்லித்தரும் நோக்கத்தோடு கற்பவருடைய அறிவு எளிதில் துருப்பிடிப்பதில்லை என்பது அவருடைய வாழ்விலிருந்து நாம் பெறும் பாடம்.

இரண்டாமவர் மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன். 1980களின் நடுவில் கணிப்பொறித் திரையில் தமிழ் எழுத்தைக் கொண்டுவர முரசு என்ற மென்பொருளை அவர் உருவாக்கினார். அப்போது இருந்தது டாஸ் இயக்க முறைமை. விண்டோஸ் வந்தபோது அதற்கேற்ப அதை மாற்றி எழுதினார். இணையமும் மின்னஞ்சலும் வந்தபோது முரசு அஞ்சல் வந்தது. தமிழ் எழுத்துக் குறியீடுகள் நிறுவனத்துக்கொன்றாகச் சிதறிக் கிடந்து, பின்னர் உலகப் பொதுக் குறியீடான யூனிகோடு நிலைபெற்றபோது அதற்கும் மாறினார். ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்ற இணைமதி எழுத்துரு அவருடைய ஆக்கம். 2005இல் செல்லினம் வழியாகக் கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி வந்தது. தொடுதிரைக் கைப்பேசிகள் வந்தபோது செல்லினம் அவற்றிலும் ஏறியது. நாற்பதாண்டுக் காலத்தில் அவர் பயன்படுத்திய எந்திரமும் மொழியும் எத்தனையோ முறை மாறின. ஆனால் அவர் கையில் எடுத்துக்கொண்ட வினா ஒன்றேதான்: தமிழைக் கணிப்பொறியில் எழுதுவதும் படிப்பதும் எப்படி?

இங்கேதான் என் கருத்தின் மையம் உள்ளது. நாம் ஒரு கருவியைப் பற்றிக்கொண்டால் அக்கருவி மறையும்போது நாமும் மறைவோம். தீர்க்கவேண்டிய ஒரு சிக்கலைப் பற்றிக்கொண்டால், அச்சிக்கலே புதிய கருவிகளைக் கற்குமாறு நம்மை இழுத்துச் செல்லும். "நான் ஜாவா நிரலாளர்" என்று தம்மை அறிமுகம் செய்துகொள்வோரைவிட, "வங்கிக் கணக்கு எங்கே பிழைபடும் என்பதை அறிந்தவன் நான்", "மருத்துவமனைப் பதிவேட்டின் நெளிவு சுளிவுகளை அறிந்தவள் நான்" என்று சொல்லக்கூடியவர் நெடுங்காலம் நிற்பார்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, கல்லூரியில் கற்கும் அடிப்படைப் பாடங்களை மதிப்பெண்ணோடு விட்டுவிடலாகாது. தரவு அமைப்பு, இயக்க முறைமை, தரவுத்தளம், கணினி வலைப்பின்னல், கணிதம் ஆகியவை நாற்பதாண்டுக்கான முதலீடு. வேலைவாய்ப்பு நேர்காணலுக்காக மூன்று மாதத்தில் கற்கும் கருவி மூன்றாண்டுக்கான கைச்செலவு. இரண்டும் வேண்டும், எது எதுவென்ற தெளிவும் வேண்டும்.

இரண்டாவது, பிறர் எழுதிய நல்ல நிரல்களைப் படிக்க வேண்டும். இலக்கியம் படிக்காமல் எழுத்தாளராக முயல்வோரை நம் தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் என்ன சொல்வார்கள் என்பதை நாமறிவோம். நிரலுக்கும் அதே விதிதான். 1991இல் தொடங்கப்பட்ட லினக்ஸ் முதலாக எண்ணற்ற திறந்த மூல நிரல்கள் எவரும் படிக்கும்படி இணையத்தில் உள்ளன. ஒரு சிறு பிழையைத் திருத்தி அனுப்பினால், உலகின் ஏதோ ஒரு மூலையிலிருந்து அனுபவமிக்க ஒருவர் அதைப் பார்த்து நிறைகுறை சொல்வார். அருகில் அமர்ந்து கற்கும் பழைய முறை இதுவேயன்றோ?

மூன்றாவது, வாய்ப்புகளைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் 2003 முதல் என்.பி.டெல். வாயிலாகப் பாடங்களை இலவசமாக வழங்குகின்றன. தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம் 2022இல் தொடங்கப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பில் பணியில் இருப்போரும் சேரலாம். நூல் இல்லை, ஆசிரியர் இல்லை என்று சொல்லும் காலம் போய்விட்டது. இன்று அரிதான பொருள் நேரம் ஒன்றுதான்.

இனி, செயற்கை நுண்ணறிவு பற்றி ஒரு சொல். கேட்டவுடன் எந்திரமே நிரல் எழுதித் தருகிறதே, இனி எதற்குக் கற்கவேண்டும் என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அது எழுதித் தருவது சரியா தவறா என்று சொல்ல ஒருவர் வேண்டும். பிழையான நிரலும் பார்வைக்குச் செம்மையாகவே இருக்கும். கணக்குப் பொறி வந்த பின்னும் வாய்ப்பாடு அறிந்த வணிகர்தான் விடை தவறினால் கண்டுபிடித்தார். ஆகவே இக்கருவியைப் புறக்கணிப்பதும் பேதைமை. அடிப்படை அறியாமல் அதன்மேல் சாய்வதும் பேதைமை. ஆனால், எளிய நிரல்களை எழுதிப் பழகித்தான் இளைஞர்கள் இதுவரை தேர்ச்சி பெற்றனர். அவ்வேலையை எந்திரம் எடுத்துக்கொண்டால் பழகுமிடம் எது என்ற வினா நம்முன் நிற்கிறது. அதற்கு விடை காணும் கடமை நிறுவனங்களுக்கும் கல்லூரிகளுக்கும் உண்டு.

பொறுப்பு யாருடையது?

"காலத்துக்கேற்பக் கற்றுக்கொள்ளாதவர் பின்தங்குவது அவர் குற்றமே" என்று கூறிவிடுவது எளிது. நான் அதை ஏற்கவில்லை. காலை ஒன்பது மணி முதல் இரவு எட்டு மணி வரை வேலை வாங்கிவிட்டு, எஞ்சிய நேரத்தில் புதியதைக் கற்றுக்கொள் என்று ஒரு நிறுவனம் சொல்லுமானால், அது ஊழியரின் உறக்கத்திலிருந்து தன் முதலீட்டைத் திருடுகிறது என்றே பொருள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் பழைய சிறு காற்றாலைகளை அகற்றிப் பெரியவற்றை நிறுவ வழிசெய்யும் கொள்கையை 2024இல் தமிழக அரசு வெளியிட்டது. எந்திரத்தைப் புதுப்பிக்கும் செலவை உரிமையாளர் தொழிலின் செலவாகத்தானே எழுதுகிறார்? எந்திரத்துக்கு ஒரு நீதி, மனிதனுக்கு ஒரு நீதியா?

இதில் பெண்களின் நிலை தனியே எண்ணத்தக்கது. அலுவலகம் முடிந்து வீடு திரும்பும் ஆணுக்கு ஒரு மணி நேரமாவது கிடைக்கலாம். நம் வீடுகளில் பெண்ணுக்கு அந்த ஒரு மணி நேரமும் அடுக்களையிலும் குழந்தையின் வீட்டுப்பாடத்திலும் போய்விடுகிறது. மகப்பேற்றுக்காக இரண்டு மூன்று ஆண்டுகள் விலகி இருந்த பெண் மீண்டும் வரும்போது, கருவிகள் மாறிப்போயிருக்கும். அவருக்குத் திறமை குறைந்துவிடவில்லை, நேரம் மறுக்கப்பட்டது. நம் வகுப்பறைகளில் முன்வரிசையில் அமர்ந்து முதல் மதிப்பெண் பெறும் மாணவியரில் பலர் பத்தாண்டுக்குப் பின் இத்தொழிலில் இல்லாமற்போனால், அந்த இழப்பை யார் கணக்கில் எழுதுவது? ஆகவே வாரத்தில் சில மணி நேரத்தைப் பணி நேரத்திற்குள்ளேயே கற்றலுக்கென ஒதுக்குவது சலுகையன்று, உரிமை என்பேன். வேலையில் சேரும்போது சம்பளத்தைக் கேட்பதுபோல் இதையும் கேட்க நம் மாணவர்கள் பழகவேண்டும்.

கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள்

நிறைவாக, நம் கல்லூரிக்கும் இதில் பங்குண்டு என்று பணிவோடு கூற விரும்புகிறேன். பட்டம் தந்து வாயிலில் வழியனுப்புவதோடு நம் உறவு முடிந்துவிட வேண்டியதில்லை. விடுமுறை நாளாகிய சனிக்கிழமைகளில், மாதம் ஒருமுறையேனும், கணிப்பொறி ஆய்வகத்தை முன்னாள் மாணவர்களுக்காகத் திறந்துவைக்கலாம். வேலை இழந்தவரும், குழந்தை பெற்று மீண்டும் பணிக்குச் செல்ல விரும்புபவரும், பிறந்த ஊருக்கே திரும்பிவிட்டவரும் அங்கே வரட்டும். நம் பேராசிரியர்கள் அவர்களுக்கு அடிப்படையை மீண்டும் நினைவூட்டட்டும். அவர்கள் தொழிலில் கண்ட புதியவற்றை இறுதியாண்டு மாணவர்களுக்குச் சொல்லட்டும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. மின்சாரமும், ஒரு பொறுப்பாசிரியரும், முறைவைத்து உதவ நான்கு மாணவர்களும் போதும். அந்த நால்வரில் ஒருவனாக வர நான் ஆயத்தமாக உள்ளேன். துறைத்தலைவர் அவர்களும் மாணவர் மன்றமும் வரும் கல்வியாண்டிலேயே இதனைத் தொடங்க ஆவன செய்யவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.